வெளியே ஷெல் சத்தம்... உள்ளே வாய்ப்பாடு!

ஒரு நாள் பந்த் என்றால் நாம் என்ன பாடு படுகிறோம்! முதல் நாளே பால் இரண்டு பாக்கெட் கூடுதலாக வாங்கி வைக்கிறோம். காய்கறிக்காரர் வருவாரோ மாட்டாரோ என்று தக்காளியை எண்ணிப் பார்க்கிறோம். டியூஷனுக்குப் போன பிள்ளை வர அரை மணி தாமதமானால் வாசலுக்கும் அடுப்படிக்கும் நடையாய் நடக்கிறோம். இத்தனைக்கும் ஒன்றோ இரண்டோ பிள்ளைகள்தான்.

இதையே கொஞ்சம் பெரிதாக்கிப் பாருங்கள், சகோதரிகளே. வீட்டில் முப்பது நாற்பது பிள்ளைகள், அத்தனையும் பிறர் பெற்றவை. ஊரில் கரண்ட் இல்லை. கடையில் சோப்பு இல்லை. தலைக்கு மேலே குண்டு போடும் விமானம். ஒரு நாள் இரண்டு நாள் அல்ல, வருஷக் கணக்கில்! அந்த வீட்டில் அடுப்பு மூட்டுகிறவள் என்ன செய்வாள்?

எனக்கு இந்தக் கேள்வி வெகு நாளாக உண்டு. பதில் சொல்ல ஒரு பெண் எங்கள் திருப்பூரிலேயே கிடைத்தாள்.

பனியன் கம்பெனி இல்லாத தெரு எங்கள் ஊரில் ஏது? எங்கள் வீதிக் கம்பெனியில் அவளுக்குச் செக்கிங் வேலை. யாழ்ப்பாணத்துப் பெண். 2006-ல் அங்கே மறுபடி சண்டை மூண்டபோது புருஷனோடு படகேறி ராமேஸ்வரம் வந்து, சில வருஷம் முகாமில் இருந்துவிட்டுப் பிழைப்புக்காக இங்கே வந்தவள். டீ இடைவேளையில் எங்கள் திண்ணையில் வந்து உட்காருவாள். எட்டு வயசு முதல் பதினாறு வயசு வரை பெண் பிள்ளைகள் இல்லம் ஒன்றில் வளர்ந்தவள் என்பது ரொம்ப நாள் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. "எழுதுங்கோ அக்கா, பேர் மட்டும் போடாதேங்கோ" என்றாள். போடவில்லை.

அந்த நாளைய யாழ்ப்பாணம்

இலங்கையில் 1983 ஜூலைக் கலவரத்தைப் பற்றி நம்மில் பலருக்கும் தெரியும். அதன்பின் சண்டை பெரிதாகிப் பெரிதாகி 1990 ஜூனில் மறுபடி முழுப் போரானது. யாழ்ப்பாணத்துக்கு மின்சாரம் நின்றது. மண்ணெண்ணெய், சோப்பு, பேட்டரி, உரம், மருந்து என்று பல சாமான்களுக்குத் தடை. கள்ளத்தனமாக வந்ததெல்லாம் யானை விலை, குதிரை விலை.

அந்த வருஷம்தான் இந்தப் பெண்ணின் அப்பா ஷெல் விழுந்து இறந்தார். அம்மாவுக்கு மூன்று பிள்ளைகள். கைக்குழந்தையைத் தன்னோடு வைத்துக்கொண்டு, இவளையும் இவள் தங்கையையும் ஓய்வு பெற்ற டீச்சரம்மா ஒருவர் நடத்திய சின்ன இல்லத்தில் விட்டார். முப்பத்திரண்டு பெண் பிள்ளைகள். டீச்சரம்மாவை எல்லாரும் 'பெரியம்மா' என்பார்களாம்.

மணி அடிக்க வேண்டும்

"பயமா இருக்காதா கண்ணு?" என்று கேட்டேன்.

"பயந்தான் அக்கா. ஆனா பெரியம்மா பயப்பிட்டதை நாங்கள் ஒரு நாளும் காணேல்லை. வளந்தாப் பிறகுதான் விளங்கினது, அவ ராவிலை நித்திரையே கொள்ளுறேல்லை எண்டு."

இல்லத்தின் முற்றத்தில் பதுங்குகுழி. பங்கர் என்பார்கள். மண்ணைத் தோண்டி, மேலே பனங்குற்றிகளை அடுக்கி, மண் மூட்டை போட்டு மூடிய பள்ளம். மழைக் காலத்தில் முழங்கால் தண்ணீர் நிற்கும், பாம்பும் வரும். விமானச் சத்தம் கேட்டால் பெரியம்மா கத்த மாட்டார். "பிள்ளையள், எண்ணுங்கோ" என்பார், அவ்வளவுதான். ஒன்று, இரண்டு என்று வரிசை எண்ணைச் சொல்லிக்கொண்டே உள்ளே இறங்க வேண்டும். ஒவ்வொரு பெரிய பெண்ணுக்கும் ஒரு சின்னப் பிள்ளை பொறுப்பு. முப்பத்திரண்டு என்ற குரல் கேட்ட பிறகுதான் பெரியம்மா இறங்குவார்.

இறங்கியதும் வாய்ப்பாடு! இரண்டாம் வாய்ப்பாட்டில் ஆரம்பித்துப் பதினாறு வரைக்கும். வெளியே என்ன விழுந்தாலும் உள்ளே ஏழெட்டு ஐம்பத்தாறுதான். அந்த இல்லத்துப் பிள்ளைகள் எல்லாரும் கணக்கில் கெட்டி என்று சொல்லிச் சிரித்தாள்.

நேரம் மாறவே மாறாதாம். காலை ஐந்தரைக்கு மணி. தலை வாருதல், தேவாரம், கூழோ புட்டோ, பிறகு பள்ளிக்கூடம். பள்ளிக்கூடம் மூடிய நாளில் திண்ணையில் பாடம். மாலையில் விளையாட்டு. இரவு எட்டுக்கு மேல் ஊர் நிலவரம் பேசக் கூடாது. நேற்று ராத்திரி பங்கரில் கிடந்திருந்தாலும் காலையில் அதே மணிதான். ஊரே தலைகீழாக நிற்கும்போது, 'அடுத்து இது' என்று ஒன்று நிச்சயமாக நடப்பது பிள்ளைகளுக்கு எவ்வளவு பெரிய பிடிமானம்!

இல்லாததில் ஒரு குடும்பம்

நம் கைவேலைப் பக்கத்துக்குப் பொருத்தமான விஷயங்கள் எத்தனையோ சொன்னாள். காலி ஜாம் பாட்டிலில் கொஞ்சமாய் மண்ணெண்ணெய் விட்டுச் சின்னத் திரி போட்ட விளக்கு; ஒன்றைச் சுற்றி எட்டுப் பிள்ளைகள் படிப்பார்கள். சைக்கிளைத் தூக்கி நிறுத்தி ஒருத்தி பெடலை மிதிக்க, டைனமோவில் ரேடியோ பாடும். சோப்புக்குப் பதில் பனம்பழக் களியில் துணி துவைத்தார்கள். தேநீரில் சர்க்கரை கிடையாது. விரற்கடைப் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு குடிக்க வேண்டும்.

சாப்பாடு? கை கொடுத்தது பனைதான். பனங்கிழங்கைப் பிளந்து காயப் போட்டால் ஒடியல். அதை இடித்த மாவை ஊற வைத்துக் கசப்பு நீக்கிப் புட்டோ கூழோ செய்வார்கள். கூழில் முருங்கை இலை, பயற்றங்காய், கிடைத்தால் மீன். "வயிறு நிறையாத நாளும் இருந்தது. ஆனா எல்லாருக்கும் ஒரே அகப்பை. பெரியம்மா எங்களுக்குப் பிறகுதான் சாப்பிடுவா. சட்டியில இல்லாட்டி, தனக்குப் பசியில்லை எண்டுவா."

இந்தப் பொய்யைச் சொல்லாத அம்மா நம்மில் யார்?

படலைக்கு வெளியே

பசியைவிடப் பெரிய கவலை படலையில் இருந்தது. படலை என்றால் தெரு வாசல். பதினெட்டு வயசு நிறையாத ஆயிரக்கணக்கான பிள்ளைகளை விடுதலைப் புலிகள் படையில் சேர்த்ததை யூனிசெஃப் பதிவு செய்திருக்கிறது. இன்னொரு பக்கம் அரசாங்கத்தின் விமானங்கள். 1995 ஜூலை 9-ந் தேதி நவாலி சர்ச்சில் தஞ்சம் புகுந்திருந்தவர்கள் மேல் குண்டு விழுந்து நூற்றுக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். செப்டம்பர் 22-ந் தேதி வடமராட்சி கிழக்கில் நாகர்கோவில் (நம்முடையது அல்ல, அங்கேயும் அந்தப் பெயரில் ஊர் உண்டு) பள்ளிக்கூடத்தின் மேல் விழுந்தது. இறந்தவர்களில் பலரும் மாணவ மாணவியர்.

பெரியம்மா எந்தப் பக்கமும் பேசவில்லை. படலையில் யார் வந்து நின்றாலும் தானே போவார். பிள்ளைகளை முன்னால் அழைத்துப் பேச விட மாட்டார். "இவையின்ரை அம்மாமாருக்கு நான் கணக்குச் சொல்ல வேணும், தம்பி" என்பாராம், துப்பாக்கி வைத்திருந்தவர்களிடம்கூட. அதற்குப் பிறகும் கையைப் பிசைந்துகொண்டு நின்ற நாட்கள் உண்டு. பெரிய பெண்களில் இரண்டு பேர் ஒரு நாள் பள்ளிக்கூடத்திலிருந்து திரும்பவே இல்லை. இதைச் சொல்லும்போது செக்கிங்குக்காரியின் கை அவள் சேலைத் தலைப்பின் நூலைப் பிரித்துக்கொண்டே இருந்தது. அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

முப்பத்திரண்டு துணிப்பைகள்

1995 அக்டோபர் 30. ராணுவம் நெருங்கிவிட்டது, எல்லாரும் தென்மராட்சிப் பக்கம் போய்விட வேண்டும் என்று புலிகள் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். ஒரே ராத்திரியில் லட்சக்கணக்கான ஜனம் தெருவில். செம்மணி வழியாக நாவற்குழிப் பாலத்தை நோக்கி நடந்தார்கள். மழை வேறு.

பெரியம்மா அதற்கு முன்பே ஒரு வேலை செய்து வைத்திருந்தார். பழைய பாவாடைத் துணியில் ஆளுக்கொரு சின்னப் பை. கழுத்தில் மாட்டிச் சட்டைக்குள் விட்டுக்கொள்ளலாம். உள்ளே பிளாஸ்டிக் தாளில் சுற்றிய ஒரு சீட்டு. பெயர், பிறந்த தேதி, அப்பா அம்மா பெயர், சொந்த ஊர், உடன்பிறந்தவர்கள் பெயர், ஒத்துக்கொள்ளாத மருந்து. எழுதத் தெரியாத சின்னதுகளுக்கு அதையே பாட்டுப் போல மனப்பாடம் பண்ணி வைத்திருந்தார்.

இரண்டு சேலைகளை முறுக்கிக் கயிறாக்கி, பிள்ளைகள் அதைப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். பெரியம்மா எடுத்துக்கொண்டது அரிசி, மருந்துப் பெட்டி, பதிவுக் கொப்பி. சாவகச்சேரிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் இடம் கிடைத்தபோது மறுநாள் மத்தியானம். வந்ததும் முதல் வேலை, எண்ணுங்கோ! மீதியிருந்த முப்பது பேரும் இருந்தார்கள். மூன்று கல்லை வைத்து உலை ஏற்றினார்.

அடுத்த காரியம்தான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. பதிவுக் கொப்பியைப் பார்த்துப் பிள்ளைகளின் பெயர்ப் பட்டியல் எழுதிப் பக்கத்துக் கோயில்களிலும் பள்ளிக்கூடங்களிலும் ஒட்டச் செய்தார். எங்கோ ஒரு மரத்தடியில் கைக்குழந்தையோடு இருந்த இவள் அம்மா அந்தப் பட்டியலைப் பார்த்துத்தான் பதினெட்டாம் நாள் வந்து சேர்ந்தாள். 1996 ஏப்ரல், மே மாதங்களில் ஜனங்கள் ஊர் திரும்பும் வரை தாயும் அங்கேயே சமையலுக்கு ஒத்தாசையாக இருந்தாள்.

தெல்லிப்பழையில் ஒரு அம்மா

அந்தப் பெரியம்மாவின் பெயர் வெளியே தெரியாது. ஊரறிந்த பெயர் ஒன்றையும் சொல்ல வேண்டும். தங்கம்மா அப்பாக்குட்டி. 1925-ல் பிறந்தவர், ஆசிரியை, சைவச் சொற்பொழிவாளர். தெல்லிப்பழை துர்க்கை அம்மன் கோயில் நிர்வாகத்தை ஏற்றுக் கோயில் வருமானத்தைச் சமூகப் பணிக்குத் திருப்பிவிட்டவர். ஆதரவற்ற பெண் பிள்ளைகளுக்காக அவர் உருவாக்கிய துர்க்காபுரம் மகளிர் இல்லம் 1982-ல் தொடங்கியது. மறு வருஷமே கலவரம், பிறகு போர். பலாலி ராணுவ முகாமும் காங்கேசன்துறையும் பக்கத்திலேயே இருக்கும் பகுதி அது. 1990-க்குப் பின் அந்த வட்டாரத்து ஜனங்கள் ஊர் ஊராக இடம் பெயர்ந்தார்கள். அப்படிப்பட்ட மண்ணில் ஒரு மகளிர் இல்லத்தை வளர்த்தார்! யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. 2008-ல் காலமானார்.

நம் பக்கத்திலும் இல்லாமல் இல்லை. 1930, உப்புச் சத்தியாக்கிரக வருஷம். காந்திஜி கைதானதைக் கண்டித்துச் சட்டசபைப் பதவியை உதறிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, எந்த விடுதியும் சேர்த்துக்கொள்ளாத தேவதாசி குலத்துப் பெண்களுக்குத் தன் வீட்டிலேயே இடம் கொடுத்தார். அவ்வை இல்லம் அப்படித்தான் பிறந்தது. அதே 1930-ல்தான் எங்கள் திருப்பூரில் பிறந்த தி.சு. அவினாசிலிங்கம் கோவையில் ஸ்ரீராமகிருஷ்ண வித்யாலயத்தைச் சிறியதாகத் தொடங்கினார். தீண்டாமை கொடிகட்டிப் பறந்த காலத்தில் அரிஜனப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்ட விடுதிப் பள்ளி. தொடங்கியவர் சுதந்திரப் போராட்டத்தில் திரும்பத் திரும்ப ஜெயிலுக்குப் போனார். பிள்ளைகளின் பள்ளி நிற்கவில்லை. இன்றும் பெரியநாயக்கன்பாளையத்தில் இருக்கிறது.

குண்டா, பிரிவா?

ஒரு வேடிக்கை பாருங்கள். இரண்டாம் உலகப் போரில் லண்டன் மேல் குண்டு விழுந்துகொண்டிருந்தபோது, மனோதத்துவ மேதை ஃபிராய்டின் மகள் ஆன்னா ஃபிராய்டும் அவர் தோழி டாரதி பர்லிங்காமும் குழந்தைகளுக்காக இல்லங்கள் நடத்தினார்கள். அங்கே அவர்கள் கவனித்தது என்ன தெரியுமா? அம்மா பக்கத்தில் அமைதியாக இருந்தால் பிள்ளைகள் குண்டுச் சத்தத்தைக்கூடத் தாங்கிக்கொண்டார்கள். பத்திரமான கிராமத்துக்கு அனுப்பப்பட்டு அம்மாவைப் பிரிந்த பிள்ளைகள்தான் அதிகம் வாடினார்கள். அதனால் இல்லத்துப் பிள்ளைகளைச் சின்னச் சின்னக் குடும்பங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் 'இவள்தான் உன் அம்மா மாதிரி' என்று ஒரு பெண்ணைப் பொறுப்பாக்கினார்கள்.

ஒரு பெரிய பெண்ணுக்கு ஒரு சின்னப் பிள்ளை என்று வைத்த யாழ்ப்பாணத்துப் பெரியம்மா அந்தப் புத்தகத்தைப் படித்தாரோ இல்லையோ! பிள்ளை வளர்த்த மனசு இரண்டு இடத்திலும் ஒரே வழியைக் கண்டுபிடித்திருக்கிறது.

இதில் இன்னொன்றும் அடங்கியிருக்கிறது. இல்லத்துப் பிள்ளை என்றாலே 'அநாதை' என்கிறோம். அது தப்பு. இலங்கை இல்லங்களில் வளர்ந்த பிள்ளைகளில் மிகப் பலருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருந்தார்கள். வறுமைதான் கொண்டு வந்து விட்டது. "எனக்கு அம்மா இருந்தவ அக்கா. மாதக் கடைசியில சைக்கிள்ல வருவா. அந்த ஒரு நாளுக்காக மிச்ச நாளெல்லாம் நான் நல்ல பிள்ளையா இருந்தனான்" என்றாள். தாய் வந்தால் பெரியம்மா தொந்தரவாக நினைக்கவில்லை. பாய் போட்டு உட்கார வைத்துக் கூழ் கொடுத்தார். அந்த இல்லம் நல்ல இல்லம் என்பதற்கு எனக்கு இந்த ஒரு சாட்சி போதும்.

நாம் செய்யக்கூடியது

போர் இல்லாத ஊரில் இருக்கிறோம். ஆனால் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் தென் மாவட்டங்களிலிருந்தும் வந்து ஷிப்ட் பார்க்கும் தாய்மார் எங்கள் பனியன் ஊரில் நிறைய. புருஷன் போய்விட்டால் பிள்ளையை எங்கே விடுவது என்ற கவலை அவர்களுக்கும் உண்டு. என் தோழியிடம் கேட்டு, எனக்குத் தெரிந்ததையும் சேர்த்துச் சொல்கிறேன்.

பிறந்த நாளுக்கு இல்லத்துக்குப் பிரியாணி கொண்டுபோனால், பிள்ளைகளை வரிசையில் நிற்க வைத்துப் பாட்டுப் பாடச் சொல்லாதீர்கள், போட்டோ எடுக்காதீர்கள். "சோறு ருசியாத்தான் இருக்கும், ஆனா அந்த வரிசையில நிக்கிறது கஷ்டம்" என்றாள்.

போகுமுன் என்ன வேண்டும் என்று கேளுங்கள். சரியான அளவில் உள்ளாடை, நாப்கின், செருப்பு, ஒரு வருஷத்து நோட்டு இவைதான் பெரும்பாலும் தேவைப்படும். எங்கள் ஊரில் ஏற்றுமதி மிச்சம் மலையாய்க் கிடக்கிறது. ஒரே அளவை மூட்டையாகக் கட்டி அனுப்பாமல், பிள்ளைகளின் வயசு கேட்டுப் பிரித்துக் கொடுங்கள்.

இல்லம் 2015-ம் வருஷத்து இளைஞர் நீதிச் சட்டப்படி பதிவானதா என்று கேட்க வெட்கப்பட வேண்டாம். அக்கா தங்கையைப் பிரிக்காமல் வைத்திருக்கிறார்களா, தாய் வந்து பார்க்க விடுகிறார்களா என்றும் கேளுங்கள்.

தனியாய்த் தவிக்கும் பிள்ளையைக் கண்டால் நீங்களாகவே எங்கும் கொண்டுபோய் விடாமல் 1098-க்கு போன் செய்யுங்கள். இரவு பகல் எந்த நேரமும் இலவசம். குழந்தைகள் நலக் குழுதான் பிள்ளை எங்கே இருக்க வேண்டும் என்று முடிவு செய்யும்.

கடைசியாக ஒன்று. வறுமைக்காகப் பிள்ளையை விடுதியில் விடப் போகும் தாய் யாராவது உங்களுக்குத் தெரிந்தால், அதற்கு முன் இதைச் சொல்லுங்கள். மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில், விதவை, கைவிடப்பட்டவள் போன்ற தாய்மார், வருமானம் குறைவாக இருந்தால், பிள்ளையைத் தன்னோடு வைத்து வளர்க்கவே ஒரு பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய் உதவி பெறலாம். வருமான வரம்பு கிராமத்தில் வருஷத்துக்கு 72,000 ரூபாய், நகரத்தில் 96,000 ரூபாய். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் மனு கொடுக்க வேண்டும். மனு எழுதத் தெரியாதவளுக்கு உட்கார்ந்து எழுதிக் கொடுங்கள். ஷிப்ட் விட்டு அலுவலகம் போக முடியாதவளோடு ஒரு நாள் துணைக்குப் போய் வாருங்கள்.